கொல்லைப்புறத்து வானம்: வெறுங்கண்ணால் நட்சத்திரம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் கொல்லையில் மூன்று விளக்குகளின் வெளிச்சம் விழுகிறது. ஒன்று தெருவிளக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு மாடி விளக்கு. மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த வெளிச்சத்தில் நின்றுதான் பல வருஷமாக வானம் பார்க்கிறேன். தொலைநோக்கி கிடையாது. "இங்கே என்ன தெரியும்?" என்று சிரித்தவர்கள், பிறகு தாங்களே பார்க்கத் தொடங்கியவர்கள், பாதியில் விட்டவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் இருபது நட்சத்திரம் தெரிந்தாலே அதிகம். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த இருபதில் எத்தனைக்குப் பெயர் தெரியும் உங்களுக்கு?

கும்மிருட்டான இடத்தில் வானம் பார்க்கப் போனவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கும்போது நன்றாகப் பழகியவர்களே முதல் சில நிமிடம் திணறுவார்கள். எது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாது. நகர வெளிச்சமோ மங்கலானவற்றையெல்லாம் துடைத்துவிட்டு, வான வரைபடத்தில் பெரிய புள்ளியாகப் போட்டிருப்பவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. புதிதாகப் படிப்பவருக்கு இது வசதி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நான் படித்ததே அப்படித்தான்.

பறிபோனதும் நிறைய. பால்வீதி போயிற்று, ஆந்திரமேடா விண்மீன் திரள் போயிற்று, வால்நட்சத்திரங்களில் பெரும்பாலானவை போயின. ஆனால் கோள்கள் ஐந்தும் இருக்கின்றன. நிலா இருக்கிறது. முதல் தர நட்சத்திரங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. இவை எழுவது, சாய்வது, ஒன்றையொன்று நெருங்குவது, ஒளி கூடிக் குறைவது எதையும் தெருவிளக்கு தடுக்கவில்லை. ஒரே இரவில் பார்த்து முடிக்கிற வானம் இல்லை இது. நாலு நாளைக்கு ஒரு முறை, பத்து நிமிடம், ஒரு வருஷம் பாருங்கள். அப்போதுதான் பிடிபடும்.

"தரம்" என்கிறீர்களே, அது என்ன கணக்கு?

நட்சத்திரங்களைப் பிரகாசப்படி தரம் பிரிக்கும் வழக்கம் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹிப்பார்க்கஸ் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வார்கள். பளிச்சென்று தெரிபவை முதல் தரம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைப்பவை ஆறாம் தரம். எண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். 1856இல் நார்மன் போக்சன் இதற்குத் துல்லியமான அளவு கொடுத்தார்: ஐந்து தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு வித்தியாசம். ஒரு தரத்துக்குச் சுமார் 2.5 மடங்கு. மிகப் பிரகாசமானவை பூச்சியத்தையும் தாண்டிக் கழித்தல் எண்ணுக்குப் போய்விடும். சிரியஸ் -1.46, வெள்ளி உச்சத்தில் -4.9 வரை.

நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு 6.5 தரம் வரை தெரியும். அப்படித் தெரியக்கூடியவை வானம் முழுவதும் சேர்த்துச் சுமார் 9,000. ஒரு நேரத்தில் அதில் பாதிதான் தொடுவானத்துக்கு மேலே இருக்கும். உங்கள் எல்லை 4ஆம் தரம் என்றால் மொத்தமே 500 சொச்சம். 3 என்றால் 200க்கும் குறைவு. அதில் பாதியை எடுத்து, அடிவானப் புழுதியில் கரைபவற்றைக் கழித்து, மரமும் சுவரும் மறைப்பதையும் கழித்தால் இருபது முப்பதுதான் மிஞ்சும். உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

வானம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது?

இரண்டு தனித்தனித் தொல்லைகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, வான் வெளிச்சம். மேல்நோக்கிப் போகும் விளக்கொளி காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறிக் கீழே திரும்புகிறது. பகல் வானத்தை நீலமாக்கும் அதே சிதறல்தான். நீல ஒளி அதிகம் சிதறும். அதனால்தான் பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளின் இடத்தில் அதே அளவு வெளிச்சம் தரும் வெள்ளை எல்இடி வந்தபோது வானம் இன்னும் மோசமாயிற்று. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பார்வையாளர்கள் தங்களுக்குத் தெரிந்த நட்சத்திரங்களைக் குறித்து அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட தகவல்களைத் தொகுத்த ஆய்வொன்று 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வான் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியிருக்கிறது என்று அது கண்டது. எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பாகும் வேகம் அது. இதைத் தனி ஆளாக நின்று நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, கண்கூச்சம். விளக்கு நேராக உங்கள் கண்ணில் படுவது. இதை இன்றிரவே சரிசெய்யலாம். சுவரோரம், மரத்தடி, துணி உலர்த்தும் கொடிக்குப் பின்னால் என்று எங்கேயாவது எந்த விளக்கும் நேரே தெரியாத ஓர் இடம் இருக்கும். வானத்தில் பாதி மறைந்தாலும் பரவாயில்லை, அங்கே போய் நில்லுங்கள். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் முக்காடாகப் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு தரம் அளவுக்குக் கூடுதலாகத் தெரிய வைத்தது அந்தத் துணிதான்.

கண் இருட்டுக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்?

முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம். வெளியே வந்ததும் கண்பாவை விரிவது சில விநாடி வேலை. அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறார்கள். உண்மையான மாற்றம் விழித்திரையில் நடக்கிறது. மங்கலான ஒளியை உணரும் குச்சி செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அது சிதையும், இருட்டில் மெல்ல மெல்ல மீண்டும் சேரும். அந்தச் சேர்மானத்துக்குத்தான் அரைமணி நேரம். கைபேசியை ஒரு தடவை பளிச்சென்று பார்த்தால் சேர்ந்ததில் பெரும்பகுதி போய்விடும். குச்சி செல்கள் சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக மசிவதில்லை. டார்ச் மீது சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்வது இதனால்தான்.

வானமே வெளுத்திருக்கும் இடத்தில் கண் முழுதாகப் பழகப் போவதில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். அதையாவது கொடுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டுமா?

ஆமாம். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கழற்றிவிட்டுப் பார்த்தால் மங்கலான நட்சத்திரம் பரவி, கரைந்து, இல்லாமலே போய்விடும். நட்சத்திரத்தைச் சுற்றி முள்முள்ளாக நீட்டிக்கொண்டு தெரிவது உங்கள் கண் வில்லையின் கைவேலை. தலையைச் சாய்த்துப் பாருங்கள், முள்ளும் கூடவே சாயும்.

ஓரக்கண்ணால் பார்த்தால் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மையா?

உண்மை. விழித்திரையின் நட்டநடுவில், நாம் உற்றுப் பார்க்கும்போது பிம்பம் விழும் புள்ளியில், குச்சி செல்களே கிடையாது. நேரே பார்த்தால் மறைகிற மங்கல் நட்சத்திரம், பார்வையைச் சற்று விலக்கினால் தோன்றும். எட்டிப் பிடிக்கப் போனால் ஓடிவிடும் பூனைக்குட்டி மாதிரி. கண்ணை நகர்த்தாமல் கவனத்தை மட்டும் பக்கவாட்டில் வைக்கும் இந்தப் பழக்கம் வரச் சில இரவுகள் ஆகும்.

எந்த நேரத்தில், எந்த மாதிரி இரவில் பார்ப்பது நல்லது?

மழை பெய்து ஓய்ந்து மேகம் கலைந்த இரவு. தூசி கழுவப்பட்டிருக்கும், சிதறடிக்கத் தூசி குறைவு என்பதால் மேலே போகும் விளக்கொளியில் கீழே திரும்புவதும் குறையும். அடுத்தபடியாக, நள்ளிரவுக்குப் பிந்திய நேரம். கடைகளும் வீடுகளும் விளக்கணைத்திருக்கும். விடிவதற்கு ஒன்றரை மணி முன்னால் எழக்கூடியவர்களுக்கு வானம் கூடுதல் சலுகை தருகிறது.

எங்கே பார்ப்பது என்றால், தலைக்கு மேலே. உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி ஒரு பங்கு காற்றைக் கடந்து வருகிறது என்றால், 30 பாகை உயரத்தில் அது இரண்டு பங்கு. 10 பாகையில் ஐந்து பங்குக்கும் மேல். நகரத்தின் வெளிச்சமும் அடிவானத்தில்தான் திரண்டு நிற்கும். ஆகவே நின்றபடி கழுத்தை ஒடிக்காமல் சாய்வு நாற்காலியோ பாயோ போட்டு மல்லாந்து கிடங்கள். கொசுவுக்கு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நட்சத்திரம் பார்ப்பதைக் கைவிட்டவர்களில் பாதிப் பேர் கொசுவால்தான் கைவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

முதலில் எதைப் பார்ப்பது?

ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம். மறுபேச்சே இல்லை.

காரணம் இருக்கிறது. அது வானத்தின் நடுக்கோட்டின் மேல், அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டின் மேல், அமர்ந்திருப்பதால் மக்கள் வாழும் எல்லா இடத்திலிருந்தும் தெரியும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை முன்னிரவிலேயே கிடைக்கும். அதன் முக்கிய நட்சத்திரங்கள் ஏழும் நகர வெளிச்சத்துக்கு அசையாதவை. முதலில் சம இடைவெளியில் ஒரே வரிசையாக நிற்கும் மூன்றைத் தேடுங்கள். அதுதான் இடுப்புக் கச்சை. மூன்று பாகை நீளம்கூட வராது. வானத்தில் இதைப்போல் இன்னொன்று இல்லை, தப்பாகப் போக வழியே இல்லை. கச்சைக்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாக ஒன்று: திருவாதிரை. எதிர்ப் பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று: ரைஜல். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். "நட்சத்திரத்துக்கு நிறம் ஏது" என்பவர்களை நான் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவேன். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் 3,500 கெல்வினை ஒட்டியது. ரைஜலுடையது 12,000ஐ ஒட்டியது. பழுக்கக் காய்ந்த இரும்புக்கும் வெல்டிங் பொறிக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கச்சையின் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரம், 8.6 ஒளியாண்டு தூரம். எதிர்ப் பக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். திருவாதிரை, சிரியஸ், புரோசியான் மூன்றும் ஏறக்குறைய சமபக்க முக்கோணம். ரோகிணிக்கு அப்பால் கப்பெல்லா, இன்னொரு புறம் புனர்பூசத்து இரட்டையர். ஒரு மணி நேரத்தில் முதல் தர நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கை முடித்திருப்பீர்கள்.

கச்சையின் மூன்றில் முதலில் உதிப்பது மின்டாக்கா. அது வான நடுக்கோட்டிலிருந்து அரை பாகைகூட விலகவில்லை. அதனால் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும். உங்கள் கொல்லையின் திசைகளை ஒரு முறை இதை வைத்துச் சரிபாருங்கள். எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வளவு கிழக்கு இல்லை.

ஓரியன் தெரியாத மாதங்களில்?

ஏப்ரல், மே மாதங்களில் சப்தரிஷி மண்டலம். அகப்பை போன்ற அதன் வடிவத்தில் காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் செம்மஞ்சள் நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் வெளிர்நீலச் சித்திரை. தெற்கே வெகுதூரம் போய்விட்டவர்களுக்கு அகப்பை எழாது, ஆனால் சுவாதியும் சித்திரையும் எழும்.

சுவாதியின் ஆங்கிலப் பெயர் ஆர்க்டரஸ். இதைப் பற்றி ஒரு கதை உண்டு. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி தொடங்கியபோது, சுவாதியின் ஒளியைத் தொலைநோக்கிகளால் பிடித்து ஒளிமின்கலத்தில் விழச்செய்து, அந்த மின்சாரச் சைகையால் கண்காட்சியின் விளக்குகளை ஏற்றினார்கள். அதே ஊரில் முந்தைய கண்காட்சி நடந்தது 1893இல்; அப்போது புறப்பட்ட ஒளி இப்போது வந்து சேர்கிறது என்பது கற்பனை. அன்றைய கணக்கில் அந்த நட்சத்திரம் 40 ஒளியாண்டு தூரம். இன்றைய கணக்கில் 37. எனக்கு உறுத்துவது அதுவல்ல. நட்சத்திரத்தின் ஒளியைக் கொண்டு நகரத்தின் விளக்கையெல்லாம் ஏற்றியிருக்கிறார்கள், நட்சத்திரத்தின் கையாலேயே அதன் கழுத்தை நெரித்த மாதிரி.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேட்டை. தேள் வடிவக் கூட்டத்தின் நடுவில் சிவப்பாக எரியும். செப்டம்பரை ஒட்டி அபிஜித், திருவோணம், டெனெப் மூன்றும் பெரிய முக்கோணம். அக்டோபர், நவம்பர் முன்னிரவு நகரவாசிக்குக் கொஞ்சம் வறட்சிதான். ஃபோமல்ஹாட் ஒன்று தெற்கில் தனியாக நிற்கும். நாலு நட்சத்திரம் மூலைகளாக நிற்கும் பெகாசஸ் சதுரம் மேலே வெறுமையாக இருக்கும்.

நான் பார்ப்பது நட்சத்திரமா, கோளா?

பழந்தமிழில் இரண்டுக்குமே மீன் என்றுதான் பெயர்: நாண்மீன், கோண்மீன். பிரித்தறிய முதல் வழி, மினுக்கம். நட்சத்திரம் எவ்வளவு பெரிதானாலும் தூரத்தால் வெறும் புள்ளி. காற்று அலைந்தால் அந்த ஒற்றைக் கதிர் ஆடும். கோள் மிகச் சிறிய தட்டு. அதன் பல பகுதிகளின் ஆட்டம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் நிதானமாக ஒளிரும். அடிவானத்தில் இருக்கும்போது மட்டும் கோளும் கொஞ்சம் நடுங்கும்.

இரண்டாவது வழி, இடம். சூரியனும் நிலாவும் போகும் பாதையை ஒட்டித்தான் கோள்கள் இருக்கும். வெள்ளி சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகாது; ஆகவே நடுராத்திரி உச்சி வானில் வெள்ளி என்று யாராவது காட்டினால் அது வியாழனாக இருக்கலாம். செவ்வாய் சுமார் 26 மாதத்துக்கு ஒரு முறை சூரியனுக்கு நேரெதிரே வந்து சிவப்பாகப் பிரகாசிக்கும். மற்ற மாதங்களில் சாதாரண நட்சத்திரம் போல் ஒதுங்கிக் கிடக்கும். வியாழன் வானத்தைச் சுற்ற 12 வருஷம், சனி 29 வருஷத்துக்கு மேல். 2020 டிசம்பர் 21 அன்று இவை இரண்டும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் நெருங்கி நின்றன. அதைப் பார்க்க இருட்டான இடம் தேவைப்படவில்லை.

புதன் கடினம். நகரத்தாலல்ல, அது எப்போதும் சூரியனின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருப்பதால்.

தாழ்வாக ஒன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சிடுகிறதே, ட்ரோனா?

சிரியஸ். இந்தக் கேள்வி ஒவ்வொரு டிசம்பரும் வரும். தாழ்ந்திருக்கும்போது அடர்ந்த காற்று அதன் ஒளியை நிறம் பிரித்துக் குலுக்குகிறது. அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். சற்று உயர்ந்து வெள்ளையாகியிருக்கும்.

நகர்ந்துகொண்டே போகும் புள்ளி?

கண்சிமிட்டினால் விமானம். சிமிட்டாமல், சத்தமில்லாமல், நிதானமாக நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள். மிகப் பிரகாசமாக மேற்கிலிருந்து கிழக்கே போனால் பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அதற்குச் சொந்த விளக்கு இல்லை. நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால் தெரிகிறது. ஆகவே மாலை மங்கிய பின்போ விடியலுக்கு முன்போதான் பெரும்பாலும் கிடைக்கும். நடுவானில் திடீரென்று மங்கி அணைந்தால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது. மணி கோத்ததுபோல் வரிசையாகப் புள்ளிகள் போனால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்திலிருந்து இந்தக் காட்சி.

வானத்தில் தூரத்தை எப்படி அளப்பது?

கையை நன்றாக நீட்டுங்கள். சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை. நடுவிலுள்ள மூன்று விரல்கள் சேர்ந்து ஐந்து. மூடிய முஷ்டி பத்து. விரித்த சாண் இருபதுக்குச் சற்று மேல். குழந்தைக்குக் கை குட்டை, விரலும் அதற்கேற்பச் சிறிது, அதனால் கணக்கு அவர்களுக்கும் சரிவரும். முழுநிலா அரைப் பாகைதான், சுண்டுவிரலில் பாதி. யாரும் நம்புவதில்லை, எழும்போது பாதி வானத்தை அடைத்ததுபோல் தெரிவதால்.

என் வானம் எவ்வளவு மோசம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

2001இல் ஜான் போர்ட்டில் வகுத்த ஒன்பது படி அளவுகோல் இருக்கிறது. 1 மிக இருட்டு, 9 மாநகரின் மையம். ஆனால் படித்துப் பார்த்து "நான் 7ஆ 8ஆ" என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிடக் கார்த்திகையை எண்ணுவது சுலபம். பழைய தமிழில் அதற்கு அறுமீன் என்று பெயர். நல்ல வானில் பெரும்பாலான கண்களுக்குத் தெரிவதும் ஆறுதான். என் கொல்லையில் சில நாள் வெறும் புகைப்பொட்டு, சில நாள் மூன்று, மழைக்குப் பின் ஒரே ஒரு முறை ஆறு. கார்த்திகை இல்லாத காலத்தில் பெகாசஸ் சதுரத்தின் உள்ளே பாருங்கள். அதற்குள் மிகப் பிரகாசமானதே 4.4 தரம். உள்ளே ஒன்றுமே தெரியவில்லையென்றால் உங்கள் எல்லை அந்தத் தரத்தைக்கூட எட்டவில்லை. சப்தரிஷியின் காம்பில் நடுவிலுள்ள வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்பது இன்னொரு சோதனை. அது 4ஆம் தரம்.

நிலா இருந்தால் அன்றைய இரவு வீண்தானே?

இருட்டான ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். நமக்கு வானம் ஏற்கெனவே வெளுத்ததுதான், புதிதாக என்ன போய்விடப் போகிறது? எனக்கு நிலா வரும் நாட்கள்தான் அதிகம் பிடிக்கும்.

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பிறையின் இருண்ட பகுதியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் முழு வட்டமும் தெரியும். பூமியில் பட்ட வெயில் நிலாவுக்குப் போய்த் திரும்பி வருகிறது. பௌர்ணமியில் தெரியும் கறைகள், நம் கண்ணுக்கு முயலாகவும் பாட்டியாகவும் தோன்றுபவை, எரிமலைக்குழம்பு பரவி உறைந்த சமவெளிகள்.

இன்னும் சுவையானது நிலாவின் ஓட்டம். நட்சத்திரங்களுக்கு நடுவே அது ஒரு மணிக்குத் தன் அகலத்தளவு கிழக்கே நகர்கிறது. பக்கத்தில் ஒரு முதல் தர நட்சத்திரம் இருக்கும் இரவில் எட்டு மணிக்கு ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை பார்த்தால் கண்கூடாகத் தெரியும். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்ற நான்கு முதல் தர நட்சத்திரங்களை நிலா அவ்வப்போது நேரே மறைக்கவும் செய்யும். மங்கி மறையாது; சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று போகும்.

எரிகல் மழை பார்க்கலாமா?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் பார்க்கலாம். டிசம்பர் 13, 14 இரவுகளின் ஜெமினிட் மழையில் மணிக்கு 120க்கு மேல் என்று செய்தியில் வரும். அது கும்மிருட்டில், எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தோன்றும் புள்ளி உச்சியில் இருக்கும்போது வரும் கணக்கு. கொல்லையில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் கிடைத்தாலே கொண்டாடுங்கள். ஆகஸ்ட் 12, 13இன் பெர்சீட் வடக்கே இருப்பவர்களுக்கு நன்று.

பால்வீதி?

தெரியாது. 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடத்தின்படி மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது தங்கள் வீட்டிலிருந்து தெரிவதில்லை. அதற்கென்று ஒரு பயணம் போங்கள்.

தினமும் ஒரே வானம்தானே, சலித்துப் போகாதா?

ஒரே வானம் இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். கொல்லையில் ஓர் இடத்தில் அசையாமல் தலையைத் தூணோடு சாய்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திரம் எதிர்க் கூரையின் விளிம்பில் மறையும் நேரத்தைக் குறியுங்கள். அடுத்த இரவு அது கிட்டத்தட்ட நான்கு நிமிடம் முன்னதாக மறையும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை, ஒரு தூணையும் கூரையையும் வைத்துக்கொண்டு நான் முதல்முறை நம்பினேன்.

நட்சத்திரங்களே மாறவும் செய்கின்றன. 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ஓரியனின் மற்றத் தோளான பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியது. அது உமிழ்ந்த தூசியே அதன் முகத்தை மறைத்தது என்று பிறகு விளங்கியது. உலகின் பெரிய தொலைநோக்கிகள் பார்த்த அதே மாற்றத்தைத் தெருவிளக்குக்குக் கீழே நின்றும் பார்க்க முடிந்தது.

அடிக்கடி கிடைப்பது அல்கோல். பெர்சியஸ் கூட்டத்திலுள்ள இந்த நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை 2.1 தரத்திலிருந்து 3.4க்கு மங்கி, சில மணி நேரத்தில் மீளும். சில நகரங்களில் மங்கும்போது முற்றாகவே காணாமல் போய்விடும். இது ஏன் என்று சொன்னவர் ஜான் குட்ரிக். காது கேளாத இளைஞர், இங்கிலாந்தின் யார்க் நகரில் வெறுங்கண்ணால் இரவிரவாகக் குறித்துவைத்து, இருண்ட இன்னொரு பொருள் குறுக்கே வந்து மறைக்கிறது என்று 1783இல் சொன்னார். அப்போது அவருக்கு 18 வயது. 21 வயதில் இறந்துவிட்டார்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, நேரம், தெரிந்தது என்ன, எதைவிட எது பிரகாசம். நாலு வரி போதும்.

கைபேசிச் செயலி வேண்டாமா?

வேண்டும், வீட்டுக்குள் இருக்கும்போது. ஸ்டெல்லேரியம் போன்ற ஒன்றில் அன்றிரவு என்ன எங்கே என்று பார்த்துவிட்டு, மனதில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். திரையை வானத்தை நோக்கிப் பிடித்தபடி பார்ப்பவர்கள் திரையைத்தான் பார்க்கிறார்கள்.

பைனாகுலர், தொலைநோக்கி?

ஆசை வந்தால் முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில்). தொலைநோக்கியை ஓரியனும் தேளும் கண்ணை மூடினால் மனதில் வரும் நாளில் யோசிக்கலாம். அதற்கு முன் வாங்கியவை பரணில் இருக்கின்றன.

பக்கத்து வீட்டு விளக்கை என்ன செய்வது?

சண்டை போட்டால் விளக்கு இரண்டாகும். நான் பிறை தெரிந்த ஒரு மாலையில் அவரைக் கூப்பிட்டுச் சாம்பல் வட்டத்தைக் காட்டினேன், பக்கத்தில் வெள்ளியும் இருந்தது. விளக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் அவரே கேட்டார். ஒளி கீழே மட்டும் விழும்படி மூடி போட்டால் அவருக்குப் பாதுகாப்பும் குறையாது என்றேன். போட்டார். அணைக்கவும் செய்கிறார், ஞாபகம் இருக்கும் நாட்களில்.

ஆனால் யாரிடமும் பேசுவதற்கு முன்னால் இருட்டிய பிறகு உங்கள் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இரண்டு வருஷம் அந்த வீட்டையும் இந்த வீட்டையும் நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது வெளிச்சம், எங்கள் மாடிப்படிச் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.